நியூக்ளியோடைடு இல்லாத குழாய்

நாள் 41, காலை 08:10
வியாழனின் நிலா யூரோப்பா, பனிநிலையம். பதிவு: செங்கமலம், உயிரியல். இங்கே நானும் துளைப்பொறியாளன் இருதயராஜும் மட்டும்தான். இன்று வழக்கமான ரத்தச் சோதனை. பனிக்கடியில் கிடைத்த நுண்ணுயிரியின் டி.என்.ஏ. ரத்தத்தில் இருந்தால் நொதி அதை நகலெடுக்கும், சோதனைக் குழாய் ஒளிரும். நகலெடுக்க நான்கு நியூக்ளியோடைடுகள் வேண்டும். நொதி கொத்தனார் என்றால் இவை செங்கல். எங்கள் இருவர் குழாயும் ஒளிரவில்லை. அடுத்த வாரம் கப்பல் வருகிறது. குழாய் ஒளிர்ந்தவரை ஏற்றமாட்டார்கள். ஊருக்குப் போனதும் முதலில் மீன்குழம்பு.

நாள் 43, 09:00
நியூக்ளியோடைடு குப்பிகள் நான்கிலும் அளவு குறைந்திருக்கிறது. நான் தொடவில்லை. இருதயராஜைக் கேட்டேன். "யக்கா, அந்தப் பெட்டி பக்கமே நான் போகல." முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சோதனை நின்றுபோனால் யாருக்கு லாபம்? தொற்று உள்ளவனுக்குத்தானே. பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

நாள் 45, 07:30
மறுபடியும் குறைந்திருக்கிறது. பூட்டில் கீறல்கூட இல்லை. பொறியாளனுக்குப் பூட்டெல்லாம் ஒரு பொருட்டா? மிச்சத்தில் அவன் ரத்தத்தை மட்டும் சோதித்தேன். ஒளிரவில்லை. நான் நம்பவில்லை, ஏதாவது தில்லுமுல்லு செய்திருப்பான். அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். "யக்கா, உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கத்துகிறான். எழுந்ததிலிருந்து வாயில் ஒரே உவர்ப்பு. தண்ணீர் வடிகட்டியிலும் கைவைத்திருப்பானோ?

நாள் 47, 11:20
குப்பிகள் காலி. கப்பலிலிருந்து: "நிலையம், நாளை இறங்குகிறோம். முடிவைச் சொல்லுங்கள்."
எதை வைத்துச் சோதிப்பது? நியூக்ளியோடைடு சேர்க்காத குழாய் ஒன்றையும் ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். செங்கல் இல்லாததால் அது ஒளிரவே கூடாது. இருவர் ரத்தத்தையும் அப்படியே ஓட்டினேன்.
அவனுடையது ஒளிரவில்லை. என்னுடையது ஒளிர்கிறது.

11:45
செங்கல் என் ரத்தத்திலேயே இருக்கிறது. பூட்டு உடையவில்லை, சாவி என்னைவிட்டு நகரவில்லை. குப்பிகளைக் குடித்தது நான்தான், வாயில் அந்த உவர்ப்பு அதனால்தான். எனக்கு நினைவில்லை. எனக்குள் இருப்பது தன்னை நகலெடுக்க என்னைக் குடிக்க வைத்திருக்கிறது. பாவம் அந்தப் பையன், அவனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.

நாள் 48, 06:15
கப்பலுக்குச் சொல்லிவிட்டேன்: இருதயராஜை மட்டும் ஏற்றுங்கள். ஆய்வகத்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு, அவன் அறையை இங்கிருந்தே விசையால் திறந்துவிட்டேன். நேரே கப்பலுக்குப் போகாமல் என் கதவைத் தட்டுகிறான். "கோவமெல்லாம் இல்லக்கா. தொறங்க, சேர்ந்தே போவோம்."
அழுகையாக வருகிறது. போய்விடு என்று கத்தினேன். போகமாட்டேன் என்கிறான்.
இதை இடது கையால் மட்டும் தட்டச்சு செய்கிறேன். வலது கை தாழ்ப்பாளில் இருக்கிறது.
நான் வைக்கவில்லை.