நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துத் தவறு

இன்று காலை முதல் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தன் புத்தகத்தை என் மேசைக்குக் கொண்டுவந்தாள். விழுப்புரத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். நான் எழுதிய கணினி வலையமைப்புப் புத்தகம், முதல் பதிப்பு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தாள் ஒட்டியிருந்தது. "இதுல இருக்கறத படிக்கணுமா மேடம், அடியில இருக்கறதயா?" என்று கேட்டாள். மேலே இருப்பதைப் படி என்றேன். தாள் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அது நீ ஒட்டியது. இடது கைக்காரியான நீ ஒட்டிய தாள்கள் எல்லாமே அப்படித்தான் சாயும். அவள் போன பிறகு அடுத்த வகுப்புக்கு எடுத்து வைத்த குறிப்பு எதுவும் எனக்கு மனதில் ஏறவில்லை. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் பாலிடெக்னிக்கில் நான் விரிவுரையாளர், நீ லேப் அசிஸ்டென்ட். வயதில் ஒரு வருஷம்கூட வித்தியாசம் இல்லை. ஆனாலும் நீ என்னை 'நீங்க, மேடம்' என்பாய், நான் உன்னை 'நீ' என்பேன். அதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நீ யோசித்தாயா என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை. நீ சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவாய். எனக்கு முன்னால் வந்து லேப் ஜன்னல்களைத் திறந்து வைத்திருப்பாய். ராஜகிரிக் கோட்டை மலை முழுசாகத் தெரியும் அந்த ஜன்னலோரம்தான் நம் இருவருக்கும் மதியச் சாப்பாடு.

தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தை மனப்பாடம் செய்வதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அந்தப் புத்தகத்தை எழுதினேன். இரண்டு வருஷ உழைப்பு. சென்னையில் ஒரு பதிப்பகம் போட்டது. சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து கல்லூரிகள் வாங்கின. எனக்குத் தலைக்கனம் இருந்தது. இப்போது அதை ஒத்துக்கொள்வதில் சிரமமில்லை.

நீ அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர்கள் அறைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. அங்கே இன்னும் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நீ தயங்கி நின்று, "மேடம், நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல கலர் வரிசை மாறி இருக்குது" என்றாய்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். அவற்றை முனையில் எந்த நிற வரிசையில் செருக வேண்டும் என்பதுதான் அந்தப் பக்கம். நான் ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தி எழுதியிருந்தேன். படிக்கப் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருந்தது. பச்சை நான்காவது இடத்திலும் நீலம் ஆறாவது இடத்திலும் வந்தன. இரண்டும் இடம் மாற வேண்டும் என்று நீ சொன்னாய். கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரை எடுத்து வரச் சொன்னேன். நான் எழுதியபடி செய்த ஒரு சின்னக் கேபிளை மாட்டிக் காட்டினேன். எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன.

"லைட்டு எரியும் மேடம்," என்றாய். "கம்பி அறுந்து போவலன்னுதான் அது சொல்லுது. ஜோடி பிரிஞ்சி கெடக்கறது அதுக்குத் தெரியாது."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "நீ கம்பி செருகற கிரிம்பிங்கைப் பார்த்துக்க. தியரியை நான் பார்த்துக்கறேன்."

நீ புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாய். அன்று ஜன்னலோரம் நீ சாப்பிட வரவில்லை. மறுநாள் வந்தாய். ஒன்றும் நடக்காத மாதிரி டப்பாவைத் திறந்து குழம்பு போட்டுக்கொள்ளச் சொன்னாய். ஆக, விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் கோமதி வந்தாள். அதற்கு முந்தின வருஷம் நம்மிடம் படித்து முடித்தவள். திண்டிவனத்தில் கேபிள் வேலை எடுத்துச் செய்யும் ஒருவரிடம் சேர்ந்திருந்தாள். மூன்று மாடித் துணிக்கடை ஒன்றுக்கு முழு வேலையும் அவள் பொறுப்பில் நடந்திருக்கிறது. கீழ்மாடியில் எல்லாம் ஓடியது. மேல்மாடிக் கணினிகள் மட்டும் நிமிஷத்துக்கொரு தரம் தொடர்பு அறுந்தன. பில் போட முடியாமல் ஆட்கள் வரிசையில் நின்று சத்தம் போட, வேலைக்கு எடுத்தவர் இவளை எல்லார் முன்னாலும் திட்டி அனுப்பிவிட்டார். அழுது முடித்த முகத்தோடு வந்திருந்தாள். என் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். "இதுல இருக்கறா மாதிரியேதான் மேடம் போட்டேன். எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க."

நீதான் எழுந்தாய். லேப்பிலிருந்து வராந்தா வழியாக ஆபீஸ் வரைக்கும் போய்த் திரும்பும்படி நீளமாக ஒரு கேபிளை இழுத்தாய். இரண்டு முனையையும் என் புத்தகப்படி செருகினாய். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தன. பிறகு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினாய். அது நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது, அறுந்தே போனது. நீ இரண்டு முனையையும் வெட்டிவிட்டு, சரியான வரிசையில் செருகி, மறுபடி அனுப்பினாய். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

விளக்கத்தை நீ கோமதிக்குத்தான் சொன்னாய். மூன்றாவது இடமும் ஆறாவது இடமும் சேர்ந்து ஒரு செய்தியைச் சுமக்கின்றன, அந்த இரண்டும் ஒன்றாக முறுக்கிய கம்பிகளாக இருந்தால்தான் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் உள்ளே ஏறாது, கொஞ்ச தூரத்துக்குத் தாங்கினாலும் நீளம் கூடினால் தாங்காது என்றாய். என் பக்கம் நீ திரும்பவே இல்லை. அது எனக்காக நீ செய்த மரியாதை என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. "தப்பு உன்னுது இல்ல கோமதி, என்னுது" என்று நான் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் திண்டிவனம் போனோம். கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். யார் தப்போ, எனக்குக் கம்ப்யூட்டர் ஓடணும் என்றார். மாலைக்குள் நீங்கள் இருவரும் எல்லா முனைகளையும் வெட்டி மறுபடி செருகினீர்கள். வெட்டிய துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போடுவதுதான் என் வேலை. மூன்றாவது மாடி ஓடியது. ஆனால் கோமதியை வேலையிலிருந்து அனுப்பியவர் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் நேரில் போய் எடுத்துச் சொல்லியும் மசியவில்லை. அவள் ஒரு வருஷத்துக்கு மேல் வேறு வேலைக்கு அலைந்தாள். அந்த ஒரு வருஷத்துக்கு நான்தான் காரணம்.

பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம், ஒரே ஒரு வரிக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றார்கள். அதை உன்னிடம் சொன்னபோது நீ கோபப்பட்டதை முதல் தடவையாகப் பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை. "அந்த ஒரு வரிய நம்பித்தான மேடம் அந்தப் பொண்ணு கைய வச்சிச்சு," என்றாய்.

கோடை விடுமுறையில் நாம் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம். நான் ஒரு வரி படிப்பேன், நீ அதைக் கணினியில் செய்து பார்ப்பாய். வராததைப் பென்சிலால் வட்டமிடுவாய். வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் பாடத்தில் மட்டும் உனக்குக் குழப்பம். "இது இன்னான்னு எனக்கு ஒருவாட்டி சொல்லுங்க மேடம்" என்றாய். கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அறுபத்து நான்கு முகவரி உள்ள ஒரு பகுதியில் அறுபத்து நான்கு கணினியும் வைக்கலாம் என்று நானே எழுதியிருந்தேன். முதல் முகவரி அந்தப் பகுதிக்கே உரியது, கடைசி முகவரி எல்லோருக்கும் சேர்த்து அறிவிப்பதற்கு என்று உனக்குச் சொல்லும்போதுதான் என் தப்பு எனக்கே தெரிந்தது. அறுபத்து இரண்டுதான் வைக்கலாம். நீ பென்சிலை என்னிடம் நீட்டினாய். வட்டத்தை நானே போட்டேன். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

காந்தி பஜாரில் ஒரு கடையில் திருத்தங்களை அச்சடித்துத் துண்டு துண்டாக வெட்டினோம். ஒவ்வொரு கல்லூரியாக பஸ் பிடித்துப் போனோம். ஒருநாள் அமாவாசை என்பதை மறந்துவிட்டோம். பஸ் நிறைய மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம். துண்டுத்தாள் கட்டை நசுங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு நீ வழி நெடுக நின்றே வந்தாய். அன்று நாம் போன கல்லூரியின் நூலகர், திருத்தம் ஒட்ட எழுதினவரே வருவாரா என்று ஆச்சரியப்பட்டு, உன்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டார். "தப்பைக் கண்டுபிடிச்சவங்க" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு பசையைக் கலக்கினாய். அன்று திரும்பும் வழியில் சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டாய்: "அடுத்த பதிப்புல என் பேரையும் போடுவாங்களா மேடம்?" முன்பக்கத்திலேயே போடச் சொல்கிறேன் என்றேன். போடவும் வைத்தேன்.

ஆனால் பதிப்பகம் இழுத்தடித்தது. அதற்குள் உனக்கு உடம்புக்கு வந்துவிட்டது. வெறும் காய்ச்சல் என்று நினைத்தாய், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, லேப்பில் மூன்றாவது வரிசை சுவிட்சு சூடாகிறது, யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்றாய். உன் பெயர் போட்ட புத்தகம் நீ போன ஐந்தாவது மாதம் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு சிங்கவரத்துக்குப் போனேன். உன் நைனா கடலைக் காட்டிலிருந்து வந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். எழுதப் படிக்கத் தெரியாது என்று அவரே சொன்னார். எது உன் பெயர் என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். "பக்கத்துல இருக்கறது யாரும்மா?" என்றார். என் பெயர் என்றேன். "ரெண்டும் ஒரே அளவுலதான் இருக்குது" என்றார்.

கோமதி இப்போது தனியாகவே வேலை எடுத்துச் செய்கிறாள். தன்னிடம் இரண்டு பெண்களை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் பேசுவாள், மரியாதையாக, ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று. அதற்கு அவளுக்கு நியாயம் இருக்கிறது.

என் விஷயம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். போன வாரம் லேப்பில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, நீங்க சொன்னது வரமாட்டேங்குது மேடம், பாடத்துல ஏதோ தப்பு இருக்குது என்றாள். முன்பென்றால் என் இடத்திலிருந்தே பதில் சொல்லியிருப்பேன். இப்போதெல்லாம் வாயைத் திறக்கும் முன் கால் எழுந்துவிடுகிறது. அவள் பக்கத்தில் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஒவ்வொரு படியாகச் செய்து காட்டச் சொன்னேன். அரைமணி நேரம் ஆனது. தப்பு அவளுடையதுதான், ஒரு எண்ணை மாற்றி அடித்திருந்தாள். சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். சந்தேகம் வந்தால் நாளைக்கும் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.