அழுக்கென்று கழுவிய எண்ணெய்

1967 ஜூலை 7, வெள்ளி. போர்ட் பிளேர்.

மூன்று வருஷமாக அத்தானின் காரைப் பார்த்துக்கொண்டவன் நான். இந்தத் தடவை சர்வீசுக்குக் கார் கம்பெனியின் புது ஷெட்டில் விட்டுவிட்டார். உப்புக்காற்றில் துருப்பிடிக்காதிருக்க அடிப்பாகம் முழுக்க நான் பழைய எஞ்சின் ஆயில் பூசி வைத்திருந்தேன். மெயின்லேண்டிலிருந்து வந்த மெக்கானிக் அதை அழுக்கென்று நினைத்துச் சுரண்டிக் கழுவிவிட்டான்.

"பாத்தியா மாப்ளே, ஏக்தம், அப்படியே புதுசு! நீயும் ஐ.டி.ஐ. படிச்சவன்தானே, ஒருநாளாவது இப்படி மின்னுச்சா?" என்று அத்தான் சிரித்தார்.

"பிரமாதம் அத்தான்" என்றேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை, நானே மறுபடி பூசியிருப்பேன். அந்த மெக்கானிக்கின் தோளில் அவர் கை போட்டிருந்ததைப் பார்த்ததும் 'பிரமாதம்' என்பதுதான் வாயில் வந்தது. வெளியே மழையில் கார் நனைகிறது. துரு முதலில் எந்த இடத்தில் பிடிக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். அத்தான் வந்து கேட்கட்டும், சொல்கிறேன்.