வயிற்றுக்கு எட்டு வாரம்

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்து காற்று. மொட்டை மாடியில் காய்ந்த பெரிய மகளின் பாவாடை பக்கத்து நிட்டிங் யூனிட் கூரையில். அங்கே வேலை செய்கிறவர் கம்பு வைத்து எடுத்துத் தந்தார்.

ஜிம். எடை 64.2.

கோகுல் மாஸ்டர் மார்ச் பவர்லிஃப்டிங் போட்டி வீடியோவை மறுபடி போட்டார். (என்னைவிட ஏழு வயது சின்னவர். இருந்தாலும் மாஸ்டர்.) பார்க்கப் பிடிக்கவில்லை, பார்த்தேன். டெட்லிஃப்ட், 110 கிலோ. தரையிலிருந்து கம்பி முழங்கால் வரை வருகிறது. அங்கே முதுகு வில்லாக வளைகிறது. டமார். மூன்று வாய்ப்பும் அப்படியே. மூன்றும் போனால் மொத்தப் போட்டியும் போச்சு, பட்டியலில் பெயர்கூட வராது.

"முதுகுல பலமில்லைன்னுதானுங்க்கா நெனச்சீங்க? முதுகு இல்லீங்க. வயிறு. பாருங்க, இந்த எடத்துல வயிறு விட்டுருது. அப்புறம் முதுகு தனியா என்னங்க பண்ணும்?"

உண்மைதான். இரண்டு பிரசவமும் ஆபரேஷன். சின்னவள் பிறந்த பிறகு நடுவயிற்றில் தசை விலகிவிட்டது, இரண்டு விரல் அகலம். பிசியோதெரபி அம்மா அழுத்திக் காட்டினார். அதிலிருந்து ஆறு வருஷம், அந்த இடத்தைக் கவனிக்காமலே குளித்திருக்கிறேன்.

முடிவு: மாவட்டப் போட்டி ஆகஸ்ட் 31. எட்டு வாரம். 63 கிலோ பிரிவில் பட்டினி கிடந்தது போதும், 69க்கு ஏறுவது. நன்றாகத் தின்று உடம்பு ஏற்ற வேண்டும். கூடவே வயிற்றுக்கும் பயிற்சி.

கண்ணாடி முன்னால் கையை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். "வெயிட் ஏத்தறப்ப வயித்துக்கு ஆப்ஸ் எதுக்குங்க? கொழுப்பு மூடிக்கும், ஒண்ணும் தெரியாது."

மாஸ்டர்: "தெரியறதுக்கு இல்லீங்க. தாங்கறதுக்கு."

ஜூலை 9, புதன்

வயிறு: தி, பு, வெ. மூன்று நாள் மட்டும்.

டெட் பக் 3×8. மல்லாந்து விழுந்த பூச்சி மாதிரி கையும் காலும் மேலே, எதிரெதிராக நீட்டி மடக்க வேண்டும். இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. என்னுடையது எழும்புகிறது.
பிளாங்க், முழங்கையும் கால்விரலும் ஊன்றிப் பலகை மாதிரி கிடப்பது, முதுகில் 5 கிலோ தட்டு வைத்து.
கம்பியில் தொங்கி முழங்காலைத் தூக்குவது 3×6. ஆறு எங்கே வருகிறது. நாலு.
ஒரு கையில் மட்டும் எடை பிடித்து நடப்பது. இது சுலபம். குடம் தூக்கிய இடுப்பு.

சாப்பாடு: முட்டை 4, இட்லி 5. பதினோரு மணிக்கு நிலக்கடலை, வாழைப்பழம். மதியம் சோறு வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூட, கொள்ளுப் பருப்பு, தயிர். சாயங்காலம் சுண்டல். அப்புறம் கோழி.

என் புருஷன் அந்தோணி பட்டியலைப் படித்துவிட்டு: "ஏ ராணி, வீட்டுல ஹாஸ்டல் நடத்தப் போறியா?"

கடலை மிட்டாய் வாங்க மறந்தாச்சு.

ஜூலை 18, வெள்ளி

எடை 65.6. ஏறுகிறது! கால்சட்டை இடுப்பு இறுக்கம்.

மதியம் கம்பெனியில். செக்கிங் டேபிளில் என் பக்கத்து இடம் சரசக்கா. குழந்தைகள் டி-ஷர்ட்டில் ஊசி ஓட்டை பார்க்கிற அதே கண்ணால் என் வயிற்றைப் பார்த்தார்.

"ஏனுங் ராணி, விசேஷமுங்களா? சொல்லவே இல்லீங்களே!"

பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள்.

"இல்லீங்க்கா. சோறுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கை மட்டும் தானாகத் துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடியது. பிறகு பாத்ரூமில் ஐந்து நிமிஷம். அழவில்லை. சரி, கொஞ்சம்.

சாயங்காலம் சுண்டல் தொடவில்லை. கோழியும் வேண்டாமென்றேன்.

ஜூலை 24, வியாழன்

முட்டாள்தனம், எழுதியே ஆக வேண்டும். ஆறு நாளாக யாருக்கும் சொல்லாமல் தினம் காலை நூறு சிட்-அப்ஸ். வயிறு தட்டையாகிவிடும் என்று. இன்று ஸ்குவாட்டில் 90 கிலோவோடு உட்கார்ந்தேன், எழவில்லை. கம்பி ஸ்டாண்டு மேல் விழுந்தது. ஜிம் முழுக்கப் பார்த்தது.

மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

"சிட்-அப் பண்றப்ப நடுவயிறு கூம்பாட்டம் எழும்புதுங்களா?"

"எழும்புது."

"மொதல்ல அதை நிறுத்துங்க. வயிறும் சதைதானுங்க்கா. தொடைக்கு லீவு விடறீங்க, அதுக்கு விட மாட்டீங்களா? சாப்பாடும் கொறைச்சிருக்கீங்க, மூஞ்சியே சொல்லுது."

"எல்லாரும் பாக்காங்க தம்பி." மாஸ்டர் என்று சொல்ல வரவில்லை.

"பாக்கறவங்களா வந்து கம்பியத் தூக்கப் போறாங்க?"

வீட்டில் அந்தோணியிடம் சரசக்கா கேட்டதைச் சொன்னேன். "எங்கம்மாவும் வீடியோ கால்ல ஒன்னப் பாத்துட்டு அதையேதான் கேட்டாங்க. அவ போட்டிக்கு எடை ஏத்துதா, நீங்க நெனைக்கது இல்லன்னு சொல்லிட்டேன்," என்றான். எப்போது சொன்னான்? என்னிடம் மூச்சு விடவில்லை. தட்டில் உரித்த முட்டை ஐந்து. நான் கேட்டது நாலு.

சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஷிப்மென்ட். இந்த வாரம் முழுக்க எட்டு மணி வரை ஓ.டி., ஜிம் கிடையாது. மதிய இடைவேளையில் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் பிரவுன் பேப்பர் விரித்து டெட் பக்.

பேக்கிங்கில் வேலை செய்கிற ஒடிசா பெண் சுமித்ரா ஓடி வந்தாள். "தீதி! கிர் கயீ க்யா?" நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். என் இந்தியில், "நஹி நஹி, கஸ்ரத்," உடற்பயிற்சி என்றேன். அவளும் பக்கத்தில் படுத்து காலைத் தூக்கினாள். மூன்றாவதிலேயே சிரித்து உருண்டாள்.

அப்போது சூப்பர்வைசர். தரையில் இரண்டு பெண்கள் மல்லாந்து, கை கால் மேலே.

"ஏனுங்க, என்னங்க நடக்குது இங்க?"

"பிரேக்குங்க சார். இன்னும் பத்து நிமிஷம் இருக்குதுங்க."

தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். 3×10. இடுப்பு தரையை விட்டு எழும்பவில்லை. ஒரு தடவைகூட!

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. தூறல். எடை 67.1.

காலை பிசியோ அம்மா. விரலை வைத்து அழுத்தினார், தலையைத் தூக்கச் சொன்னார், மறுபடி அழுத்தினார். "அரை விரல்தான் இருக்கு. அடியில கெட்டியா இருக்கு. என்ன பண்ணீங்க?" சொன்னேன். எழுதிக்கொண்டார். நான் சொல்ல, அவர் எழுதினார்!

பிறகு ஜிம். தொங்கி முழங்கால் தூக்குவது, கால் நடுவே சின்ன டம்பெல் வைத்து, எட்டு.

மூச்சு: நெஞ்சுக்கு ஏற்றக் கூடாது. கீழே இறக்கி இடுப்பைச் சுற்றி நிரப்ப வேண்டும். இடுப்பில் இறுக்கிக் கட்டிய பெல்ட்டை முன்னால், பக்கத்தில், பின்னால் எல்லாம் தள்ள வேண்டும். இன்றுதான் பிடிபட்டது. உள்ளே டயரில் காற்றடித்தது போல.

டெட்லிஃப்ட் 115. ஒரு தடவை இல்லை, மூன்று.

மழையில் நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தேன். குடை பையில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

போட்டி உடை வந்தது. ஒரே துண்டு, உடம்போடு ஒட்டுகிற துணி. பழக்கதோஷம், முதலில் தையலைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத் தையலில் ஓரிடம் ஸ்டிச் விட்டிருக்கிறது. எங்கள் டேபிளாக இருந்தால் ரிஜெக்ட்.

போட்டுக்கொண்டு கண்ணாடி. வயிறு உருண்டைதான். கட்டும் இல்லை, கோடும் இல்லை. சின்னவள் வந்து முஷ்டியால் தட்டினாள். "அம்மா, கதவு மாதிரி இருக்கு."

துப்பட்டா தேடவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

உடுமலையிலிருந்து திரும்பும் பஸ். குலுக்கலில் எழுத்து கோணல். பிள்ளைகள் அந்தோணி மேல் சாய்ந்து தூக்கம்.

காலை எடை 67.9.
ஸ்குவாட் 102.5.
பெஞ்ச் (படுத்துக்கொண்டு கம்பியை மேலே தள்ளுவது) 47.5.

தாராபுரத்து கல்லூரிப் பெண் என்னைவிட ஐந்து கிலோ முன்னால். டெட்லிஃப்டில் அவள் 122.5, கடைசி வாய்ப்பில் 127.5 வரவில்லை. நானும் இரண்டாவதில் 122.5. ஆக இன்னும் ஐந்து கிலோ பின்னால். கையில் ஒரே ஒரு வாய்ப்பு.

மாஸ்டர் காதருகே: "127.5 தூக்கினா சமம். சமம்னா எடை கம்மியா இருக்கறவங்களுக்குப் போயிரும், அந்தப் புள்ள 67.3. 130 போடட்டுங்களா?"

ஜிம்மில்கூட 125க்கு மேல் தொட்டதில்லை.

"போடுங்க."

கல்யாண மண்டப மேடை. மணமக்கள் உட்காருகிற இடத்தில் நான், கம்பி, கையில் பூசும் வெள்ளைப் பொடி. நூறு பேர். வயிறு எல்லோருக்கும் தெரிகிறது. தெரியட்டும்.

மூச்சை இறக்கினேன். பெல்ட் நிரம்பியது. இழுத்தேன். கம்பி நகரவில்லை. நகரவில்லை. பிறகு நகர்ந்தது. முழங்காலில் நின்றது, மார்ச்சில் நின்ற அதே இடம். வயிறு விடவில்லை. முதுகு பலகை. அந்தோணியின் குரல் மட்டும்: "விடாத ராணீ!" இடுப்பு முன்னால் வந்தது. நிமிர்ந்து நின்றேன்.

நடுவர் கை இறங்கியது. மூன்று வெள்ளை விளக்கு, செல்லும்.

மொத்தம் 280. முதலிடம்.

தாராபுரத்துப் பெண் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, கம்பி அவ்வளவு நேரம் நின்னும் முதுகு அசையவே இல்லீங்களே, எப்படிங்க்கா?" அவள் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன்.

மாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தூசு என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

தும்மினால் வயிறு வலிக்கிறது, சிரித்தால் வலிக்கிறது. கம்பெனிக்கு லீவு சொல்லியாச்சு. இட்லி ஒன்பது.

கோவில்பட்டியிலிருந்து அம்மா போன். கிலோ கணக்கு அவளுக்குப் பிடிபடவில்லை.

"அரிசி மூட்டைல சொல்லுட்டி."

"இருவத்தஞ்சு கிலோ மூட்டை அஞ்சு. அதுக்கு மேல அஞ்சு கிலோ."

 அம்மா முணுமுணுத்து எண்ணுவது கேட்டது.

"ஒரே தடவையாவா?"

"ஒரே தடவைம்மா."

"நில்லு, வச்சிராத." செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், அப்புறம் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தெருவே அதிர அம்மாவின் குரல்: "ஏ பாக்கியம்! அந்த வேலையப் போட்டுட்டு இங்க வா!"