திறந்து கிடக்கும் டேஷ்போர்டு பெட்டி

என்னங்க,

மீன் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. என் கார் சாவி ஃபிரிஜ் மேலே. நான் தங்கச்சியோடு கோவிலுக்குப் போகிறேன்.

உங்கள் ஆபீஸ் பிரேமலா பெர்மாஸ் ஜெயாவிலிருந்து போன் செய்தாள். "அக்கா, நேத்து அண்ணன்தான் என் காருக்கு ஏர்கோன் ஃபில்டர் மாத்திக் கொடுத்தாங்க லா! டீ குடிச்சு, பேசிக்கிட்டே, சாயந்திரம் முழுக்க!"

என்னிடம் ஓவர்டைம் என்று சொன்ன அதே சாயந்திரம்!

என் காரில் ஏர்கோன் போட்டாலே புழுதி நாற்றம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றீர்கள். இன்று நானே ஃபில்டரை மாற்றிவிட்டேன். டேஷ்போர்டு பெட்டியை இறக்கி, அதன் பின்னால் இருந்த பழையதை உருவி, புதியதைச் செருகினேன். ரேடியோவில் இரண்டு பாட்டு முடிவதற்குள் வேலை முடிந்தது. ஸ்குரூடிரைவர்கூடத் தேவைப்படவில்லை. அவள் காரும் இதே மாடல்தான். சாயந்திரம் முழுக்க அங்கே எதைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள்?

பெட்டி மட்டும் மூட மாட்டேன் என்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள்.

லோஷினி

பி.கு.: பெட்டி நன்றாகவே மூடிக்கொள்கிறது. மூடிப் பார்த்துவிட்டுத்தான் திறந்து வைத்தேன். நான் திரும்பும்போது நீங்கள் என் காரில் உட்கார்ந்திருக்க வேண்டும். டீ நான் போடுகிறேன். பேசிக்கொண்டே மூடுங்கள், சாயந்திரம் முழுக்க.