சந்தேகம் எல்லாம் கடைசியில்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மேல்காற்று. எட்டாம் வகுப்பு ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, செங்கல் வைத்து மூடினேன். வாயெல்லாம் மண்.

செய்ய வேண்டியவை: கொக்கி (எச்.எம்.மிடம் மூன்றாவது முறையாக). சத்து மாத்திரைப் பதிவேடு. கேஸ் பதிவு. அம்மாவுக்குப் போன்.

தேர்வு முடிவு வந்துவிட்டது. தேனியில் சனிக்கிழமைதோறும் இலவசச் சிறப்பு வகுப்பு நடத்தப் போகிறார்கள், ஒரு பள்ளிக்கு இரண்டு பிள்ளைகள். அதற்காக எட்டாம் வகுப்பு போன வாரம் வட்டம் நிரப்பும் தேர்வு எழுதியது. நாகஜோதிதான் முதலில் வருவாள் என்று பள்ளிக்கூடமே நினைத்தது. நாகஜோதிக்குப் பூஜ்யம்.

திரும்பி வந்த தாள்களில் அவளுடையதைத் தேடி எடுத்தேன். வட்டத்தைக் கறுப்பாக நிரப்பவில்லை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சின்னதாக, அழகாக ஒரு டிக். ஐம்பது கேள்விக்கும் டிக். மெஷினுக்கு அது வெற்றுத்தாள். நானே உட்கார்ந்து திருத்தினேன். நாற்பத்து மூன்று சரி. முதலிடம் என்று வந்திருக்கும் பையனுக்கு முப்பத்தாறு.

எச்.எம். அறையில்:

"ஏன் டீச்சர், வட்டத்த நெரப்பணும்னு சொல்லிக் குடுத்தீகள்ல?"

"சொன்னேன் சார்."

பொய் இல்லை. அதுதான் மோசம். முந்தின நாள் போர்டில் வரைந்தே காட்டினேன். அன்றைக்கு நா.ஜோ. லீவு. தேர்வு நாள் காலையில் மறுபடி சொன்னேன், கடகடவென்று. அப்போது அவள் கை தூக்கினாள். நான் போனில் வருகைப் பதிவு ஏற்றிக்கொண்டிருந்தேன். நெட் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நிமிராமல் சொன்னேன்: "சந்தேகம் எல்லாம் கடைசியில."

கடைசி வரவில்லை. பதினான்கு வருட சர்வீசில் கடைசி என்று ஒன்று வந்ததே இல்லை. மணிதான் வரும்.

இதை எச்.எம்.மிடம் சொல்ல வாயெடுத்தேன். சத்துணவு அக்கா கையெழுத்துக்கு வந்துவிட்டார். அதுவும் ஒரு சாக்கு. சிறப்பு வகுப்புக்கான பட்டியல் புதன் சாயங்காலம் போக வேண்டுமாம். இரண்டு நாள் இருக்கிறது.

கேஸ் பதிவு செய்யவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஆசிரியர் பயிற்சி. தலைப்பு: பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைப்பது எப்படி. எனக்கென்றே வைத்தது போல.

குறிப்பு எடுத்தவை:

"புரிஞ்சுதா?" என்று கேட்காதே. "புரிஞ்சுது டீச்சர்" என்று முப்பது பேரும் ராகம் போடுவார்கள். "எதுவரை புரிஞ்சுது?" என்று கேள்.

கேட்ட பிறகு மனதுக்குள் பத்து எண்ணு. அதுவரை வாயை மூடு.

கேட்கத் தெரியாத பிள்ளைக்கு வாசகம் கொடு: "நீங்க சொல்றது இதுவா, அதுவா?"

மதியம் சாம்பார் சாதம். அப்பளம் நமுத்துப்போய்.

முடிவில் பயிற்சியாளர், "யாருக்காவது சந்தேகம்?" நாற்பது டீச்சர்கள். ஒரு கை எழவில்லை. எனக்கு நிஜமாகவே ஒன்று இருந்தது: கேட்கவிடாமல் செய்தது நானாக இருந்தால் அந்தப் பிள்ளையிடம் எங்கிருந்து தொடங்குவது? பக்கத்து டீச்சர் காதோரம், "பேசாம இருங்க. நாலரை வண்டி போயிரும்." பேசாமல் இருந்தேன். நாலரை வண்டியைப் பிடித்துவிட்டோம். பெரிய சாதனை.

சின்னமனூர் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன். கம்பியைப் பிடித்த கை வலித்து, இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டபோதுதான் ஞாபகம் வந்தது. நா.ஜோ. அன்றைக்கு அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், தூக்கிய கையின் முழங்கையை இடது கையால் தாங்கியபடி. அவ்வளவு நேரம் தூக்கியிருக்கிறாள்.

நிமிரவில்லை என்று நேற்று எழுதியிருக்கிறேன். நிமிராதவளுக்கு முழங்கை எப்படித் தெரியும்? பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் குனிந்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

தூறல். மேகமலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

காலையிலேயே நா.ஜோ.வின் அம்மா முருகேஸ்வரி மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். அப்பா லோயர் கேம்ப் தாண்டி ஏலத்தோட்டத்தில், மாதம் ஒரு முறைதான் வருவார். அம்மா வேலைக்குப் போகிற கோலத்திலேயே வந்திருந்தார், தலையில் துண்டுக்கட்டு. கையில் ஒரு பை பன்னீர்த் திராட்சை.

"கோவிச்சுக்கிராதீக டீச்சர். நீங்க அம்புட்டுத் தெளிவாச் சொல்லியிருக்கீகன்னு பெரிய சார் சொன்னாக. இதுதேன் காதுல வாங்கல. முந்துன நாளு பழம் வெட்டுக்கு ஆளு பத்தலன்னு நாந்தேன் இவளக் கூட்டிட்டுப் போனேன். தப்பு என் மேலயும் இருக்கு."

என் மேல் இல்லையாம். மீதி எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

பிறகு மகளைப் பார்த்து, "ஏத்தா, வெளங்கலைன்னா கேக்க வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

நா.ஜோ. என்னைப் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு தரையைப் பார்த்தாள். கேட்டேனே என்று சொல்லவில்லை. பதிமூன்று வயசுப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் அவளைக் காப்பாற்றவில்லை.

"டீச்சர்ட்ட மன்னிப்புக் கேளு."

"சாரி டீச்சர்."

"பரவாயில்லம்மா" என்றேன். நான்! அவளிடம்! திராட்சைப் பையையும் வாங்கிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு எச்.எம். அறை வாசல்வரை போனேன். உள்ளே பட்டியலை டைப் அடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் என்ன ஆகும்? விளக்கம் எழுதித் தரச் சொல்வார். பொறுப்பில்லாத டீச்சர் என்று பேர் வரும். அவ்வளவுதான். அதற்குப் பயந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். கையில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது பட்டியல் போய்விட்டது.

எங்கள் பள்ளி எட்டோடு முடிகிறது. சிறப்பு வகுப்பும் எட்டாம் வகுப்புக்கு மட்டும்தான். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூட வழியில்லை.

ஜூலை 10, வியாழன்

காற்று நின்றுவிட்டது. கொக்கி வந்துவிட்டது. இனி கொக்கி எதற்கு.

திராட்சையைத் தின்ன மனசு வரவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. வகுப்புக்குக் கொண்டு போனேன். பாடம் சவ்வூடு பரவல். பயிற்சியில் எழுதிய வாசகங்களைச் சார்ட்டில் எழுதி மாட்டினேன். புது விதி: "புரிஞ்சுது" என்று மட்டும் சொல்லக் கூடாது. "இதுவரை புரிஞ்சுது" என்று சொல்லலாம், எதுவரை என்றும் சொல்ல வேண்டும்.

நடத்தினேன். எதுவரை என்று கேட்டேன். எண்ண ஆரம்பித்தேன். பத்து என்பது எவ்வளவு நீளம்! ஏழில் யாரோ தும்மினார்கள். ஒன்பதில் தமிழ்ச்செல்வன், எப்போதும் கடைசி பெஞ்சு, எழுந்தான்.

"டீச்சர், நீங்க சொல்றது, மழ பேஞ்சா தோட்டத்துல பழம் வெடிக்குமே, அதுவா? இல்ல இது வேறயா?"

அதேதான்! கைதட்டலாம் போல இருந்தது. அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. "எங்க சித்தப்பா தோட்டத்துல போன மழைக்குப் பாதி போச்சு டீச்சர்." "வெடிச்சத ஏவாரி எடுக்க மாட்டாக." "தோலு வழியாவா தண்ணி போகுது, காம்பு வழியாவா?" இத்தனை வருடமாக இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்? இங்கேதான். நான்தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழத்தை ஒரு டம்ளரிலும், பையின் அடியில் கிடந்த காய்களை இன்னொரு டம்ளரிலும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தோம். அப்போது நா.ஜோ. பக்கத்தில் இருக்கும் தர்ஷினியிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது: "பழந்தான வெடிக்குது, காய் வெடிக்கலயே. ஏன்னு கேளு." தர்ஷினி எழுந்து கேட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு விடை சட்டென்று வரவில்லை, படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மணி அடித்ததும் நா.ஜோ.வைக் கூப்பிட்டேன்.

"அது உன் கேள்விதான? நீயே கேட்டிருக்கலாமே?"

"கடைசில கேக்கலாம்னு இருந்தேன் டீச்சர்."

குத்திச் சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்கிற பிள்ளை இல்லை. நான் போட்ட விதியை மதித்துச் சொன்னாள்.

சாயங்காலம் சமைக்கப் பிடிக்கவில்லை. கடையில் இட்லி.

ஜூலை 11, வெள்ளி

வெயில்.

காலை ஒன்பதே காலுக்கு எச்.எம்.மிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டு. இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"பட்டியல் போயிருச்சே டீச்சர். புதன்கெழம சொல்லியிருந்தா ஒரு போன் போட்டுத் தாள மறுபடி பாக்கச் சொல்லியிருப்பேன். இப்ப அங்கன பேர் ஏத்தி, பஸ் பாஸுக்கே எழுதிட்டாக."

ஒரு போன். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கடிதத்தை அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். நம்பிக்கை இல்லாத குரல்.

இரண்டாவது பீரியட் எட்டாம் வகுப்பு. முதலில் டம்ளர்களைப் பார்த்தோம். பழத்தில் இரண்டுக்குத் தோல் கீறியிருந்தது. காயில் ஒன்றுகூட இல்லை. பழுத்ததில் சர்க்கரை அதிகம், அதனால் தண்ணீரை அதிகமாக இழுக்கும் என்று சொன்னேன். இது நாகஜோதியின் கேள்வி என்றும் சொன்னேன். தர்ஷினி, "ஆமா டீச்சர்" என்றாள், நல்ல பிள்ளை.

பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எல்லார் முன்னாலும் தூக்கிய கை, எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும்.

"தேர்வு அன்னைக்கு நாகஜோதி கை தூக்கினா. நான் பாத்தேன். பாத்தும் கடைசியில கேளுன்னு சொல்லிட்டேன். கடைசியில நானும் கேக்கல. அவ டிக் போட்டது அவ தப்பு இல்ல. என் தப்பு."

என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தேன். நாலில் நா.ஜோ. கை தூக்கினாள்.

"சொல்லும்மா."

எழுந்தாள். சார்ட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"டீச்சர், நீங்க சொல்றது, எங்கம்மா வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா? இல்ல, லிஸ்ட் போனதுக்கு அப்புறந்தேன் ஞாபகம் வந்துச்சா?"

இரண்டாவதைச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"உங்கம்மா வந்தப்பவே தெரியும்."



"இதுவரை புரிஞ்சுது டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.