பெரியப்பா பெயருக்குப் பக்கத்தில் போட்ட வருஷம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடியில் காயும் துணியை எடுக்கச் சொன்னால் மட்டும் வலிக்கிறது. நீ இணையத்தில் போட்டிருக்கும் நம் குடும்ப மரத்தை அவர் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார், தன் தாத்தாவின் தாத்தா வரைக்கும் பெயர் இருப்பதைக் கண்டதிலிருந்து நடையே மாறிவிட்டது. எனக்கும் பெருமைதான். ஆனால் அதை வைத்துப் போன வாரம் இங்கே ஒன்று நடந்துவிட்டது, போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

உன் பெரியம்மாவுக்கு வேறு தேசத்திலிருந்து ஒரு போன் வந்தது. ஓய்வுபெற்ற சர்வேயராம், நம் கொள்ளுத்தாத்தா வழியில் தூரத்து உறவாம், வம்சாவளி தேடுகிறாராம். கேட்காமல் எடுத்து ஒட்டிக்கொள்கிறவர்கள் நடுவில் கேட்டுவிட்டு எடுக்க நினைத்த நல்ல மனுஷர். "உங்க வீட்டுக்காரர் தவறின வருஷம் சரிதானான்னு பார்த்துக்கிட்டு என் மரத்துல சேர்க்கலாம்னு கூப்பிட்டேம்மா" என்றிருக்கிறார். அக்கா நேராக என்னிடம் வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எங்கேயோ இருக்கறவருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு ஒருத்தரும் சொல்லலையேடி, உடம்பை யார் பார்த்தா, யார் எடுத்துப் போட்டா?" என்று கேட்டாள்.

நான் சர்வேயருக்குப் போன் போட்டேன், அவர் உன் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பெரியப்பா வீட்டைவிட்டுப் போன வருஷத்தை நீ இறந்த வருஷமாகப் போட்டிருக்கிறாய். காரணத்தை அப்பாதான் கண்டுபிடித்தார், உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை அந்தத் தளம் வெளியே காட்டாதாம், இறந்தவர் என்று குறித்தால்தான் படம் தெரியுமாம். அவர்களுடைய கல்யாணப் படம் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று குறித்திருப்பாய், கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதே பக்கத்தில் விவரம் கேட்க என்று பெரியம்மா நம்பரையும் போட்டிருக்கிறாய், அவளை ஒரு வார்த்தை கேட்டாயா?

பெரியப்பா இருக்கிறாரா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அக்கா இத்தனை காலமும், "வரட்டும், வாசல்லயே நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கறேன்" என்று சொல்லியே காலம் தள்ளினவள். இந்த வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று இருவரும் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தோம், இருக்கிறவர்களுக்காக வேண்டி முடித்துப் போய்ச்சேர்ந்தவர்களுக்கு வந்தபோது அக்கா நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், அவரை எதில் சேர்ப்பது என்று.

வீட்டுக்கணக்கு எங்கேயாவது இடித்தால் நான் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுவிடுவேன், சரிக்கட்டுவதற்காக நானாக ஒரு தொகையை எழுதமாட்டேன். நீயும் இருக்கிறவர்களைக் கேட்டுவிட்டுப் போடு, கிடைத்த விவரம் யார் சொன்னது என்று பக்கத்தில் எழுது, தெரியாததைத் தெரியாது என்றே விடு. ஒருவர் எடுத்தால் அவரிடமிருந்து நாலு பேர் எடுப்பார்கள், அப்புறம் நாலு இடத்தில் இருக்கிறதே என்று நீயே நம்பிவிடுவாய். சர்வேயர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், சேர்க்கவில்லை என்றார், அவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுது.

வருஷத்தையும் நம்பரையும் உடனே எடுத்துவிடு. ஆனால் அது மட்டும் போதாது. பையன் தெரியாமல் போட்டது என்று அக்காவிடம் நான் சொல்லியாகிவிட்டது, "அவன் வாயால சொல்லட்டும்" என்கிறாள். பெரியம்மாவைக் கூப்பிடு. சமாதானம் பண்ணுகிறேன் என்று அவர் எங்கேயோ நன்றாக இருப்பார் என்றெல்லாம் சொல்லிவிடாதே. அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது பெரியம்மா, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று மட்டும் சொல். அதைக் கேட்டால் பழையபடி அவரைத் திட்ட ஆரம்பிப்பாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், கடவுள் துணையிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறக்காமல் கூப்பிடு, பெரியம்மா என்னோடுதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா