செல்வியை பஸ்ஸில் ஏற்றினேன்

மார்கழி 13, ஞாயிறு இரவு

கால் இரண்டும் விண்விண்ணென்று வலிக்கிறது. துணிக்கடையில் ஒன்றாக வேலை செய்யும் நாங்கள் நான்கு பேர் சென்னையைச் சுற்றிவிட்டு வந்தோம். காலையில் இறங்கும்போது நல்ல பனி. மெட்ரோவில் போனோம், கடலில் ஆடினோம். செல்வி இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைப் பற்றி அவள் பேசுவதே இல்லை.

திரும்பும்போது மற்ற இருவரும் பஸ்ஸில் ஏறி இடம் பிடித்தார்கள். செல்வி கீழேயே நின்றாள்.

"நா வரலடி. எதுனா கடையில வேல செஞ்சிக்கினு இங்கியே இருந்துக்கறேன்."

"உங்க வூட்ல இன்னாடி சொல்றது?"

"தொலைஞ்சிட்டேன்னு சொல்லு."

அவள் விளையாடவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். நான் பயந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம்கூடத் திமிறாமல் ஏறிவிட்டாள். அதுதான் மனசை அறுக்கிறது.

ஊருக்கு, வடக்கனந்தலுக்கு, வந்து சேர்ந்தபோது அவள் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"உன்ன நம்பித்தாம்மா அனுப்புனேன். பத்திரமா கூட்டியாந்துட்ட."

செல்வி என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நாளை முழுக்கக் கடையில் அவள் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.